அப்லேஷனுக்குப் பிறகு: இதயத் தாளம் மீண்டும் தவறினால் எப்படித் தெரியும்?

இதயத்தின் மேலறைகளில் சீராக எழவேண்டிய மின்தூண்டல் சிதறிப்போனால், நாடி ஒழுங்கில்லாமல் துடிக்கும். இதற்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். மேலறை நடுக்கம் என்று சொல்லலாம். மாத்திரைக்கு அடங்காத நடுக்கத்துக்குப் பல சமயங்களில் கதீட்டர் அப்லேஷன் செய்கிறார்கள். தொடையிலுள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி, கோளாறான மின்தூண்டல் பரவும் வழியைச் சூட்டாலோ குளிராலோ தழும்பாக்கி அடைக்கும் சிகிச்சை அது.

எந்த இடத்தை அடைப்பது? நடுக்கத்தைக் கிளப்பும் துடிப்புகளில் பெரும்பாலானவை நுரையீரல் சிரைகளுக்குள் பிறக்கின்றன என்பதை, பிரான்சின் போர்தோ நகர மருத்துவர் மிஷெல் ஹைசகேர் குழுவினர் 1998இல் காட்டினர். அதனால் அந்தச் சிரைகள் மேலறையில் சேரும் வாயைச் சுற்றித் தழும்பு வளையம் போடுகிறார்கள். வளையத்தில் சிறு இடைவெளி விழுந்தாலும் மின்தூண்டல் அதன் வழியே கசியும். மேலறையின் வேறொரு பகுதியிலிருந்தும் நடுக்கம் கிளம்பலாம். நடுக்கம் திரும்புவதற்கு முக்கியக் காரணங்கள் இவை.

சிகிச்சை முடிந்த முதல் வாரங்களில் வரும் நடுக்கம், நோய் திரும்பியதாகக் கணக்கில் சேராது. புண் ஆறும்போது ஏற்படும் அழற்சியே அதைத் தூண்டக்கூடும். நீண்டகாலம் முதல் மூன்று மாதங்களை இப்படி ஒதுக்கிவைத்தார்கள். 2024இல் வெளியான சர்வதேச மருத்துவ அமைப்புகளின் கூட்டறிக்கை அதை எட்டு வாரமாகக் குறைத்தது. அதன் பிறகு 30 விநாடியாவது நீடிக்கும் நடுக்கம் பதிவானால், நோய் திரும்பியதாகக் கொள்வது ஆய்வுகளின் வழக்கம்.

அந்தப் பதிவைத் தருவது இசிஜி. சீரான இதயத்தின் இசிஜி தாளில், உயர்ந்த கூர்முனை ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சிறு மேடு இருக்கும். கூர்முனைகளுக்கு நடுவே இடைவெளி ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். நடுக்கத்தில் அந்த மேடு மறைந்துவிடும். கோடு நடுங்கியபடி ஓடும், இடைவெளிகள் ஒழுங்கற்றுப்போகும்.

ஆனால் மருத்துவமனையில் எடுக்கும் இசிஜி சில விநாடிகளையே காட்டும். மார்பில் ஒட்டி அனுப்பும் ஹோல்டர் கருவி ஒன்றிரண்டு நாள் பதிவு செய்யும். மாதத்தில் ஒருநாள் வானத்தைப் பார்த்துவிட்டு, அந்த மாதம் மழையே இல்லை என்று சொல்ல முடியாதல்லவா? மார்புத் தோலுக்கடியில் பதிக்கும் லூப் ரெக்கார்டர் ஆண்டுக்கணக்கில் கண்காணிக்கும். கைக்கடிகாரத்தின் ஒளி உணரி நாடி ஒழுங்கற்றிருப்பதை மட்டுமே அறியும். அது எச்சரித்தால் இசிஜி எடுத்து உறுதிசெய்ய வேண்டும்.

உடல் தரும் அறிகுறியையும் முழுதாக நம்பமுடியாது. 50 பேருக்கு லூப் ரெக்கார்டர் பதித்துச் செய்த ஓர் ஆய்வில், சிகிச்சைக்கு முன்பு உணரப்பட்ட நடுக்கங்களும் உணரப்படாதவையும் ஏறக்குறைய சமமாக இருந்தன. சிகிச்சைக்குப் பின் உணரப்படாதவை, உணரப்பட்டவற்றைப்போல் கிட்டத்தட்ட நான்கு மடங்காக இருந்தன.

அதற்காக, பதிவில் நடுக்கம் தெரிந்தாலே சிகிச்சை தோற்றுவிட்டது என்றும் ஆகாது. கனடாவில் 346 பேருக்கு லூப் ரெக்கார்டர் பதித்து நடத்திய ஆய்வின் முடிவு 2019இல் வெளியானது. ஓராண்டு முடிவில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு 30 விநாடிக் கணக்குப்படி தாளக்கோளாறு திரும்பியிருந்தது. ஆயினும் நடுக்கத்தில் கழிந்த மொத்த நேரம் 98 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. நோயாளியின் அன்றாட வாழ்வைப் பொறுத்தவரை, திரும்பியதா இல்லையா என்பதைவிட எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதே பயனுள்ள கேள்வி.

பக்கவாத ஆபத்து வேறு கணக்கு. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையைத் தொடர்வதா என்பதை வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், முன்பு பக்கவாதம் வந்ததா என்பவற்றை வைத்தே பெரும்பாலும் முடிவுசெய்கிறார்கள். படபடப்பு இல்லை, இசிஜியும் சீராக இருக்கிறது என்பதற்காக அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவரைக் கேட்டு முடிவெடுங்கள்.