கள்ளத்தோணி என்பவன் யார்?

அகதி எப்படி வந்தான் என்று கேட்கிறார்கள். ஏன் வந்தான் என்று கேட்பதில்லை. விசா வாங்கி, முத்திரை குத்தி, விமானத்தில் வந்து இறங்கியிருந்தால் அவன் யோக்கியன். ராத்திரியில் படகேறி அரிச்சல்முனை மணல்திட்டில் வந்து விழுந்தால் குற்றவாளி. 2003இல் திருத்தப்பட்ட இந்தியக் குடியுரிமைச் சட்டம் இவனுக்குச் 'சட்டவிரோதக் குடியேறி' என்று பேர் வைத்தது. பேர் வைத்ததோடு விட்டதா? குடியுரிமை கேட்டு மனுப்போடுகிற வழியையும் அடைத்தது.

நுழைந்த வழியை வைத்து ஆளைக் குற்றவாளியாக்குகிற இந்த வேலை நமக்கொன்றும் புதுசில்லை. வைக்கத்தில் 1924இல் கோயில் தெருவில் நடக்கப்போனவன் சட்டத்தை மீறியவன். மகாடில் 1927இல் குளத்தில் இறங்கியவர்கள் விஷயம் இன்னும் வேடிக்கை. குளம் எல்லோருக்கும் பொது என்று நகராட்சித் தீர்மானமே இருந்தது. ஆனாலும் அடி விழுந்தது. சட்டம் அடைத்தாலும் அடி, திறந்தாலும் அடி.

ஈழத்தமிழர், தொப்புள்கொடி என்று மேடையில் முழங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் சொல்லாமல் விடுகிறார்கள். தமிழக முகாம்களில் இருப்பவர்களில் கணிசமானோர் மலையகத் தமிழர். இவர்களது பாட்டன் பூட்டன் யார்? திருச்சி, மதுரை, ராமநாதபுரம், சேலம் சீமைகளிலிருந்து கங்காணி வைத்து வெள்ளைக்காரன் அள்ளிக்கொண்டு போனவர்கள். பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். மண்டபத்தில் அடைத்துவைத்து, அம்மை குத்தி, மருந்தடித்துக் கப்பலேற்றினான். அதே மண்டபம் முகாம்தான் பிறகு அகதி முகாமானது. திருச்சிப் பக்கத்து முகாமொன்றில் ஒரு கிழவி கேட்டார்: "எங்க தாத்தாவ ஏத்திக்கிட்டுப் போனப்ப எவன்யா பாஸ்போட்டு கேட்டான்? திரும்பி வந்தாத்தான் கேப்பீங்களா?"

பாஸ்போர்ட் கொடுக்க ஒரு நாடு வேண்டும். 1948 இலங்கைக் குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருஷம் ஓட்டும் போனது. சிங்களவன் இவர்களைக் கள்ளத்தோணி என்றான். யாழ்ப்பாணத்து உயர்சாதி தோட்டக்காட்டான் என்றது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000 என்று ஆடுமாடு பங்கு பிரிப்பதுபோலப் பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிப்பாதியாக்கினார்கள். நீ எங்கே போகிறாய் என்று அந்தச் சனத்திடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

1977 கலவரத்தில் தோட்டத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டவர்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள். பின்னாலேயே யுத்தம் வந்தது. 1984இல் தலைமன்னார் - ராமேஸ்வரம் கப்பல் நின்றது. ஒப்பந்தத்தின்படி வரவேண்டியவர்களுக்கும் சேர்த்தேதான் நின்றது. கப்பலை நிறுத்தியவை அரசுகள். படகில் வந்தவன் குற்றவாளி! என்ன நியாயம் இது?

படகுக்காரன் காசு பிடுங்குகிறானே, பாதி வழியில் இறக்கிவிடுகிறானே என்பார்கள். உண்மைதான். தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மணல்திட்டில் பிள்ளையோடு வெயிலில் காய்ந்தவர்கள் உண்டு. அவனுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் நேர்வழியைப் பூட்டினால்தான் கள்ளவழிக்கு விலை ஏறும். இது சாராயக்கடைக்காரனுக்கும் தெரிந்த கணக்கு.

அய்.நா.வின் 1951 அகதிகள் உடன்படிக்கையில் 31வது பிரிவு இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான இடத்திலிருந்து நேரே ஓடிவந்து, தாமதிக்காமல் அதிகாரிகளிடம் போய் நிற்கிறவனை, அனுமதியில்லாமல் நுழைந்தான் என்பதற்காகத் தண்டிக்கக்கூடாது. கொல்ல வருகிறவனிடமே போய் எக்ஸிட் பர்மிட் வாங்கிக்கொண்டு யாரும் ஓடிவர முடியாது என்கிற சாதாரண அறிவு அது. இந்தியா அதில் கையெழுத்துப் போடவில்லை. 2019இல் குடியுரிமைச் சட்டத்தை மறுபடியும் திருத்தி, பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து 2014 கடைசிக்குள் வந்த, முஸ்லிமல்லாத ஆறு மதத்தாரைச் சட்டவிரோதக் குடியேறி என்கிற பட்டியிலிருந்து எடுத்தார்கள். ஆக, எடுக்க முடியும். மனசு வைத்தால் முடியும். அங்கே இலங்கை இல்லை.

அதே 2019 ஜூனில், மதுரை உயர்நீதிமன்றக் கிளை, மலையக வம்சாவளியினர் 65 பேர் வழக்கில், சட்ட நுணுக்கத்தில் தொங்காமல் குடியுரிமை மனுக்களைப் பரிசீலிக்கச் சொன்னது. 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் ஆணை போட்டது: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரைப் பாஸ்போர்ட், விசா இல்லையென்று தண்டிக்க மாட்டார்களாம். தண்டனை இல்லை, சரி. குடியுரிமை? அதைப்பற்றி மூச்சில்லை. 2022இல் பசிக்குப் பயந்து படகேறி வந்தவர்கள் இந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள்.

2025 மே மாதம் உச்சநீதிமன்றத்தில், தண்டனை முடிந்த ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில், இந்தியா என்ன தர்மசத்திரமா என்று நீதிபதி கேட்டார். அய்யா, சத்திரத்தைப் பற்றி எங்களிடம் கேட்காதீர்கள். எந்தச் சத்திரத்துத் திண்ணையிலும் எங்கள் ஆட்களைப் படுக்க விட்டதில்லை. மலையகத்தான் சத்திரத்தில் இடம் கேட்டு வரவில்லை. அவன் பாட்டனைப் பிடித்துக்கொண்டு போன ஊருக்குத் திரும்பி வந்திருக்கிறான்.

முகாமிலேயே பிறந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் எந்தப் படகிலும் ஏறவில்லை, எந்த எல்லையையும் தாண்டவில்லை. 1987 ஜூலைக்குப் பிறகு இந்த மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது, பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்கவேண்டும் என்கிறது சட்டம். 2021இல் தமிழக அரசு அகதி முகாமை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பலகை மாறியது நல்லதுதான். ஆனால் டிகிரி முடித்த பையன் அரசாங்க வேலைக்கு மனுப்போட முடியவில்லை. மூன்று நாட்டுக்காரர்களுக்குச் செய்த திருத்தத்தை இவர்களுக்கும் செய். 1964 ஒப்பந்தத்தில் தில்லி போட்ட கையெழுத்து இன்னும் அழியவில்லை.