வெள்ளைச் சுறாவும் கூண்டுப் பயணங்களும்

தென் ஆஸ்திரேலியாவின் போர்ட் லிங்கன் துறைமுகத்திலிருந்து தெற்கே கடலில் சென்றால் நெப்டியூன் தீவுகளை அடையலாம். சீல் பிராணிகள் பெருந்திரளாக வாழும் இப்பாறைத் தீவுகளை நாடி வெள்ளைச் சுறாக்கள் வருகின்றன. அவற்றைக் காண மனிதரும் வருகின்றனர். கப்பலிலேயே சில நாட்கள் உண்டு உறங்கி, கம்பிக் கூண்டினுள் இறங்கிச் சுறாவை நேருக்கு நேர் பார்த்துத் திரும்புவது இன்று ஒரு தொழிலாக வளர்ந்துள்ளது.

இத்தொழிலின் தொடக்கத்தில் இருப்பவர் ராட்னி ஃபாக்ஸ். 1963-ல் ஈட்டியால் மீன் குத்தும் போட்டியொன்றில் வெள்ளைச் சுறா அவரைக் கவ்வியது. நூற்றுக்கணக்கான தையல்களுடன் உயிர் பிழைத்தார். பழிவாங்க முற்படாமல், அப்பிராணியை அறிய விரும்பிக் கூண்டை அமைத்தார். 1975-ல் வெளிவந்த ‘ஜாஸ்’ திரைப்படத்திற்கு உயிருள்ள சுறாவின் காட்சிகள் இக்கடற்பகுதியிலேயே எடுக்கப்பட்டன என்பது விந்தை. அறிவதற்கென எழுந்த கூண்டு அச்சத்தைப் பரப்பவும் உதவிற்று.

சுறாவைக் கூண்டருகே வரவழைப்பது எங்ஙனம்? மீன் குருதியும் நறுக்கிய மீனும் கலந்த குழம்பு கடலில் ஊற்றப்படுகிறது; கயிற்றில் கட்டிய இரை மிதக்க விடப்படுகிறது. சுறாவின் மூக்குப் பகுதியில் பாகு நிறைந்த நுண்துளைகள் பல உள்ளன. மிகச் சிறிய மின்புலத்தையும் அவை உணர வல்லவை. உப்புநீரில் தோய்ந்த உலோகம் மெல்லிய மின்னோட்டத்தைத் தோற்றுவிப்பதால், சுறா சில வேளைகளில் இரையை விட்டுக் கம்பியையே கடிக்கிறது. இதனைச் சினம் எனக் கொள்வது பிழை. மேலும், அது பின்னோக்கி நீந்த வல்லதன்று. கம்பிகளிடையே தலை நுழைந்துவிட்டால் விடுவித்துக்கொள்வது கடினம். மெக்ஸிகோவின் குவாடலூப் தீவருகே 2019-ல் ஒரு சுறா அவ்வாறு சிக்கிக் குருதி பெருக்கியது.

அத்தீவுக்குச் செல்லும் பயணங்களை மெக்ஸிகோ அரசு 2023 ஜனவரியில் அடியோடு தடை செய்தது. சுறாக்களின் இயல்பான நடத்தை மாறக்கூடாது என்ற நோக்கம் நியாயமானதே. ஆயினும் முழுத் தடை மிகையானது எனக் கருத இடமுண்டு. பயணிகள் எடுத்த படங்களில், சுறாவின் சாம்பல் நிறமும் வெண்ணிறமும் சந்திக்கும் கோட்டின் வடிவைக் கொண்டு நூற்றுக்கணக்கான தனிச் சுறாக்கள் அடையாளம் காணப்பட்டிருந்தன. எது திரும்பி வந்தது, எது புதிது, எது காயமுற்றது என்பன அப்படங்களால் தெரியவந்தன. இத்தகைய பதிவை அரசுச் செலவில் மட்டும் தொடர்ந்து நடத்துதல் எளிதன்று. நிலப்பரப்பிலிருந்து 240 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள தீவில், கப்பல்கள் போனபின் பார்க்கும் கண்களும் குறைந்தன.

நெப்டியூன் தீவுகளில் மேற்கொள்ளப்பட்ட வழி வேறு. 2007-க்குப் பின் இரையிடும் நாட்கள் பெருகியதும், ஒலிக்கருவி பொருத்திய சுறாக்கள் முன்னினும் நெடுநாள் அங்கேயே தங்குவதை ஆராய்ச்சியாளர் அளந்து கண்டனர். அதன்பேரில் 2012-ல் உரிமங்களுக்கும் இரையிடும் நாட்களுக்கும் வரம்பு விதிக்கப்பட்டது. முதலில் அளவீடு, பின்னர் விதி என்ற இம்முறை களப்பணியாளருக்கு நன்கு விளங்கும்.

சுறாக்கள் ஓரிடத்தை விட்டு அகன்றால் உடனே பயணிகள்மீது பழி சுமத்துவதும் பொருந்தாது. தென் ஆப்பிரிக்காவின் கான்ஸ்பாய் கடற்கரையில் 2017-ல் கொலைத் திமிங்கலங்கள் வெள்ளைச் சுறாக்களைக் கொன்று ஈரலைத் தின்றன. மற்ற சுறாக்கள் அவ்விடம் விட்டு நீங்கின.

குவாடலூப்பில் சில கப்பல்களை மட்டும், தலை நுழையாத நெருங்கிய கம்பிக் கூண்டுகளுடன், அரசுப் பார்வையாளர் ஒருவரையும் ஏற்றி அனுமதிப்பது இயலாத காரியமன்று. இரையிடும் நாட்களைப் பருவத்திற்கு இத்தனை என வரையறுத்து, எடுக்கப்படும் படம் ஒவ்வொன்றையும் பதிவேட்டிற்கு ஒப்படைக்குமாறு உரிமத்திலேயே நிபந்தனை சேர்க்கலாம்.