கொட்டகையில் துயிலும் வண்டி

நாட்றாம்பாளையம் போன்ற எல்லைப்புற ஊர்களில், பாட்டனார் ஓட்டிய ஜாவா அல்லது யெஸ்டி மோட்டார் சைக்கிள் கொட்டகையில் துருவேறிக் கிடப்பதுண்டு. அதனைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புமுன் சற்றே சிந்திப்போம்.

அண்டையிலுள்ள மைசூரில் ஐடியல் ஜாவா ஆலை 1961-இல் இவ்வண்டிகளைச் செய்யத் தொடங்கிற்று. 1973 முதல் யெஸ்டி எனும் பெயர் வழங்கலாயிற்று. 1996-இல் ஆலை மூடப்பட்டது. உதைத்துக் கிளப்பவும் கியர் மாற்றவும் ஒரே நெம்புகோல் என்பது இவற்றின் தனிச்சிறப்பு.

செப்பனிட விழையும் பிள்ளைகள் முதலில் வண்ணம் பூச விரைவர். அது முறையன்று. பதிவுப் புத்தகத்திலுள்ள என்ஜின், சேசிஸ் எண்கள் வண்டியோடு பொருந்துகின்றனவா என முதலில் காண்க. பின்னர் டாங்கின் உட்துருவைக் களைந்து, கார்புரேட்டரைத் துப்புரவு செய்து, பிஸ்டன் ரிங்கின் தேய்மானத்தை ஆய்க. டூ-ஸ்ட்ரோக் என்ஜினாதலின் பெட்ரோலில் ஆயில் கலத்தல் வேண்டும். மறந்தால் பிஸ்டன் இறுகிவிடும்.

இனி, மனம்போல் உருமாற்றுதல் பற்றி ஒரு சொல். பதிவுச் சான்றில் கண்ட மூல அமைப்பினின்று மாறுபட வண்டியைத் திருத்தலாகாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கென 2021-இல் வகுக்கப்பட்ட தனிப்பதிவும் மூல உருவம் காத்தவற்றிற்கே கிட்டும். சைலன்சரைத் திறந்துவிட்டு நோயாளரையும் கைக்குழந்தையையும் திடுக்கிடச் செய்வது வீரமன்று.

பெற்றோரே, மகன் கையில் ஸ்பானரைக் கண்டால் சினவாதீர், அருகில் அமருங்கள். வண்டி ஓட ஆறு மாதம் ஆகலாம். அதற்குள் வீட்டில் பேச்சு ஓடத் தொடங்கிவிடும்.