கொப்பி இயந்திரத்துக்கு ஏன் பூட்டு?

சில பாடசாலை நூலகங்களில் போட்டோக் கொப்பி எடுப்பதற்கு முற்றாகத் தடை. கேட்டால் பதிப்புரிமை என்கிறார்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமோ அப்படிச் சொல்லவில்லை. இலாப நோக்கமற்ற ஒரு நூலகம், ஒரு கட்டுரையையோ நூலின் சிறு பகுதியையோ கேட்கும் மாணவிக்கு ஒரு பிரதி எடுத்துக் கொடுக்கலாம். அது படிப்புக்குத்தான் என்று நூலகம் திருப்திப்பட வேண்டும். முழு நூலுக்கு அந்தச் சலுகை இல்லை, அது நியாயமும்கூட.

நாலு பக்கம் கிடைக்காத பிள்ளை எங்கே போவாள்? முழு நூலையும் கொப்பியடித்துக் காசுக்கு விற்கும் ரியூசன் வகுப்புக்குத்தான். அதை வாங்கித் தருவதும் நம் வாப்பா, உம்மாதான். எழுதியவருக்கு அதில் ஒரு சதமும் போவதில்லை. உயர்தரத்துக்குத் தமிழில் நல்ல நூல் இல்லை என்று குறைப்படுவதும் நாங்களேதான்!

பூட்டைத் திறவுங்கள். எவ்வளவு எடுக்கலாம் என்பதை இயந்திரத்தின் அருகே தமிழில் எழுதி ஒட்டுங்கள். எடுப்பவரின் பெயர், நூல், பக்கங்கள், தேவை ஆகியவற்றைப் பதிய ஒரு சீஆர் கொப்பி போதும். அதை எழுத உயர்தர மாணவிகள் நாங்கள் முறைபோட்டு வருகிறோம்.