விளையாட்டுப் பெட்டியும் வீண் பழியும்

தர்மபுரியிலிருந்து பென்னாகரம் செல்லும் சாலையில் அமைந்த எங்கள் இண்டூரிலும், இதைச் சூழ்ந்த கிராமங்களிலும், படித்தவர் படியாதவர் என்ற வேற்றுமையின்றி எல்லோரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்ட ஓர் அபிப்பிராயம் உண்டு. டி.வி.யில் சொருகி ஆடும் பழைய வீடியோ கேம் பெட்டியை ஒரு பையனோ பெண்ணோ திருப்புளியால் திறந்து, உள்ளே இருப்பதை ஆராய்ந்து, அதற்கென்று தானே ஒரு புது ஆட்டத்தை எழுத முற்பட்டால், அது படிப்பைக் கெடுக்கும் வீண்வேலை என்பது அதன் முற்பாதி. கம்பெனி செய்து கொடுத்ததில் கைவைப்பது திருட்டுக்குச் சமானம் என்பது பிற்பாதி. "கேம் ஆடி உருப்பட்டவன் எவன்?" என்று கேட்கும் பெற்றோரும், "இதெல்லாம் சட்டவிரோதம், தம்பி" என்று எச்சரிக்கும் கடைக்காரரும் பிள்ளைக்கு நன்மை செய்வதாகவே நம்புகிறார்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் சொல்வதில் இரண்டு பாதிகளும் பிழை. அந்தப் பிழையால் நம் பிள்ளைகள் இழப்பதும் அற்பமானதன்று.

ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனி 1983 ஜூலையில் ஃபாமிகாம் என்னும் சாதனத்தை வெளியிட்டது. அதன் நகல்களே பின்னாளில் மீடியா என்றும் வேறு பல பெயர்களிலும் நம் கடைத்தெருக்களுக்கு வந்து, சூப்பர் மாரியோவையும் கான்ட்ராவையும் தமிழ்நாட்டுச் சிறுவர்களுக்கு அறிமுகம் செய்தன. 2006-ல் மாநில அரசு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாக வழங்கத் தொடங்கிய பிறகு, அதுவரை டி.வி.யே இல்லாதிருந்த வீடுகளிலும் கேசட்டைச் சொருகி ஆடுவது சாத்தியமாயிற்று. இப்பெட்டியின் இதயமாக இருப்பது, 1975-ல் அமெரிக்காவில் தோன்றிய 6502 என்னும் செயலியின் வமிசத்தைச் சேர்ந்த ஒரு சில்லு. ஆப்பிள் கம்பெனியின் தொடக்ககாலக் கணினிகளும், பிரிட்டனின் பி.பி.சி. மைக்ரோவும் இதே வமிசத்துச் செயலியில்தான் இயங்கின. நம்முடைய மத்திய அரசு, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினி அறிவைப் புகட்டவேண்டும் என்று 1984-ல் கிளாஸ் என்னும் திட்டத்தைத் தொடங்கியபோது, நாடெங்கும் தேர்ந்த பள்ளிகளுக்கு அனுப்பிவைத்தது அந்த பி.பி.சி. மைக்ரோவையே. அதே 1984-ல் நிண்டெண்டோவும் தன் விளையாட்டுப் பெட்டிக்கு ஒரு விசைப்பலகையையும் பேசிக் என்னும் நிரல்மொழியையும் சேர்த்து விற்றது. ஆக, அரசாங்கம் கல்விச்சாதனம் என்று பள்ளிக்கூடத்தில் வைத்த அதே மூளையை, கூடத்து அலமாரியில் கண்டபோது மட்டும் நாம் கல்விக்குப் பகை என்று தள்ளிவிட்டோம்.

விளையாடுவது வேறு, விளையாட்டை எழுதுவது வேறு என்பதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. கான்ட்ரா ஆடிய ஒவ்வொருவரும், திரையில் எதிரிகளும் குண்டுகளும் ஒரே வரிசையில் நெருங்கி வரும்போது அவை மின்னி மறைந்து தோன்றுவதைக் கண்டிருப்பார்கள். கேசட் கெட்டுவிட்டது என்று நினைத்து ஊதியும் இருப்பார்கள். உண்மையில், திரையின் ஒரு கிடைக்கோட்டில் நகரும் உருத்துண்டுகள் எட்டுக்கு மேல் தெரியாதபடி அந்தப் பெட்டியின் சித்திரச் சில்லு அமைக்கப்பட்டிருக்கிறது. ஒன்பதாவது துண்டு அடியோடு மறைந்துபோகாமல் இருக்கும்பொருட்டு, நிரல் எழுதியவர் ஒவ்வொரு காட்சிக்கும் வரிசையை மாற்றி மாற்றிக் கொடுக்கிறார். அதுவே மின்னலாகத் தோன்றுகிறது. ஆடுபவனுக்கு இது தெரியவேண்டுவதில்லை. எழுதுபவனோ இதை அறியாமல் ஓர் அடியும் எடுத்துவைக்க முடியாது.

பதினோராம் வகுப்புக் கணினி அறிவியலில் இருநிலை எண்களையும் 2-இன் நிரப்பையும் நம் மாணவர்கள் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். மைனஸ் ஒன்று என்பதை எட்டு பிட்டில் எழுதினால் எட்டு இடத்திலும் 1 வரும் என்றும், அதன் மதிப்பு 255-க்குச் சமம் என்றும் விடைத்தாளில் எழுதிவிட்டு, ஏன் என்பதை அறியாமலே வெளியே வருகிறார்கள். அவர்களில் ஒரு மாணவி, திரையில் 100-ஆம் புள்ளியில் நிற்கும் ஒரு மான்குட்டியை இடப்பக்கம் ஒரு புள்ளி நகர்த்த விரும்பி, 100-உடன் 255-ஐக் கூட்டிப் பார்க்கட்டும். எட்டு பிட்டில் அடங்காத மீதி உதிர்ந்துபோக, 99 என்று விடை வந்து, மான்குட்டி இடப்பக்கம் நகரும். அந்தக் கணத்தில் அவளுக்கு வாய்க்கும் ஞானத்தை எந்த வழிகாட்டிப் புத்தகமும் கொடுக்க இயலாது.

பெட்டியின் வேலை நினைவகம் 2 கிலோபைட் மட்டுமே; இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு சாதாரணப் புகைப்படத்துக்கே ஏறக்குறைய ஆயிரம் மடங்கு இடம் வேண்டும். இத்தனை சிறிய சாதனத்தால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்கு என் பதில், அந்தச் சிறுமையே அதன் பெருமை என்பதாகும். கவலை ஏற்றத்தின் உருளை முதல் தோல்பை வரை ஒவ்வோர் உறுப்பையும் தன் கையால் அறிந்திருந்த உழவனைப்போல, ஒரு மாணவன் தனியொருவனாக முழுவதும் அறிந்துகொள்ளக்கூடிய கணினி இது. கைப்பேசியை எவனும் அவ்வாறு முழுக்க அறிந்துவிட முடியாது. ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு சிறு குழுவினர் 2019-ல் மைக்ரோ மேஜஸ் என்னும் புதிய ஆட்டத்தை, நால்வர் சேர்ந்து ஆடும்படியாக, வெறும் 40 கிலோபைட்டில் அடக்கி இப்பெட்டிக்கென்றே வெளியிட்டார்கள்.

தமிழில் ஓர் ஆட்டம் செய்யப் புகுந்தால் விஷயம் இன்னும் சுவையாகிறது. திரையில் தெரியும் படம் முழுவதும் எட்டுக்கு எட்டுப் புள்ளிகளாலான சிறு கட்டங்களால் ஆனது. பின்னணிக்கு ஒரு சமயத்தில் 256 கட்டவடிவங்களை வைத்துக்கொள்ளலாம். தமிழ் எழுத்துகள் 247 ஆயிற்றே, அடங்கிவிடும் என்று முதலில் தோன்றும். வரைந்து பார்த்தால், ண என்ற ஒரே எழுத்தின் கோடுகளை இடைவெளி விட்டு எட்டுப் புள்ளி அகலத்தில் நிறுத்த இயலாமல், அதற்கு இரண்டு கட்டங்கள் தேவைப்படுகின்றன. ணௌ போன்றவற்றுக்கு மேலும் வேண்டும். ஆகவே கால், கொம்பு, இணைக்கொம்பு முதலியவற்றைத் தனிக்கட்டங்களாகப் பிரித்து எல்லா எழுத்துகளுக்கும் பொதுவாக்கவேண்டும். உச்சரிப்பில் மெய்க்குப் பின்னே ஒலிக்கும் எகரத்தின் கொம்பைத் திரையில் முன்னே வைக்கவேண்டும். உகர ஊகாரங்களோ ஒவ்வொரு மெய்க்கும் வெவ்வேறு வடிவம் கொள்வதால், அவற்றைத் தனித்தனியே வரைந்தாகவேண்டும். இந்த வேலையைச் செய்யும் மாணவன் தாய்மொழியின் வடிவிலக்கணத்தையும் யந்திரத்தின் இலக்கணத்தையும் ஒரே மேசையில் கற்கிறான். வாராவாரம் பணம் கட்டி அனுப்பும் கோடிங் வகுப்புகளில், முன்பே செய்துவைத்த வண்ணக்கட்டைகளை இழுத்து ஒட்டுவதைக் கல்வி என்று போற்றும் பெற்றோர், இதை மட்டும் வீண்பொழுது என்று சொல்வதில் நியாயமில்லை.

நம் நாட்டுக் கடைகளில் விற்ற இந்தப் பெட்டிகளின் அருமையை வெளிநாட்டார் உணர்ந்தது உண்டு. சுமார் 12 டாலர் விலையில் விசைப்பலகையோடு இந்தியாவில் கிடைத்த 8-பிட் டி.வி. கம்ப்யூட்டரைக் கண்டு வியந்தவர்கள், 2008-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நடந்த கூட்டத்தை ஒட்டி, பிளேபவர் என்னும் குழுவாகத் திரண்டு, ஏழைப் பிள்ளைகளுக்கான கல்வி விளையாட்டுகளை அதற்கென்றே எழுத முற்பட்டார்கள். மறு ஆண்டே மக்ஆர்தர் அறக்கட்டளை அவர்களுக்கு நிதி அளித்தது. நம் வீட்டுப் பெட்டிக்கு நம் பிள்ளைகளே எழுதவேண்டியதை அயலார் வந்து எழுதத் துணிந்தது, நமக்குப் பாடமாயிருக்கவேண்டும்.

இனித் திருட்டு என்ற குற்றச்சாட்டைக் கவனிப்போம். பிறர் எழுதிய ஆட்டங்களை அனுமதியின்றி நகலெடுத்து, "9999 இன் 1" என்று உறையில் அச்சிட்டு விற்றவர்கள் செய்தது திருட்டே, அதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் தானே எழுதியதைத் தன் பெட்டியில் ஓட்டுபவன் எதை, யாரிடமிருந்து அபகரித்தான்? நம்முடைய 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஒரு நிரலை நியாயமாகக் கைவசம் வைத்திருப்பவர் அதன் இயக்கத்தை ஆராய்வதையும், தாம் சுயமாக எழுதியது அதோடு இணைந்து இயங்குவதற்கு இன்றியமையாததும் வேறு வழியில் எளிதில் கிடைக்காததுமான விவரங்களைக் கண்டறிவதையும் மீறல் அல்ல என்று தெளிவாகவே கூறுகிறது. 2012-ல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவும், உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைப்பவரையே தண்டிக்கிறது. 1985-ல் அமெரிக்காவுக்குப் போன நிண்டெண்டோ பெட்டியில் பூட்டுச்சில்லு இருந்தது. ஜப்பானிய மூலப் பெட்டியில் அது இல்லை. அமெரிக்க நீதிமன்றமே 1992-ல் சேகா கம்பெனி தொடுத்த வழக்கில், தன் ஆட்டம் சேகாவின் பெட்டியில் ஓடவேண்டும் என்பதற்காக அக்கலேட் என்னும் கம்பெனி சேகாவின் நிரலைப் பிரித்து ஆராய்ந்தது நியாயமான உபயோகம் என்று தீர்ப்பளித்திருக்கிறது. மறுபுறம், அமெரிக்காவில் வெளியான பழைய ஆட்டங்களில் நூற்றுக்கு 87 இன்று கடையில் வாங்கவே கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-ல் கணக்கிட்டு அறிவித்தது. கம்பெனிகள் கைவிட்ட யந்திரங்களை உயிரோடு வைத்திருப்பவர்கள் அவற்றைத் திறக்கத் தெரிந்தவர்களே.

திறந்தால் கெட்டுவிடும் என்ற பயமும் ஆதாரமற்றது. சாதாரணமாக இப்பெட்டியின் உள்ளே ஓடுவது 5 வோல்ட். அடாப்டரிலிருந்து வருவதை அந்த அளவுக்கு இறக்கும் 7805 என்னும் மூன்றுகால் சில்லு, டி.வி. மெக்கானிக் எவருக்கும் பழகிய பொருள். கேசட்டின் செப்புத் தகடுகளை வாயால் ஊதி ஈரமாக்குவதைவிட, பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்ப்பது நல்லது. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும்: பழைய குழாய் டி.வி.யைப் பிள்ளைகள் ஒருபோதும் திறக்கக்கூடாது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதில் உயிரைக் குடிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும்.

செலவு என்ற சாக்கும் செல்லாது. 2011 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு அரசு வழங்கிய மடிக்கணினிகளில் ஒன்று பழுதின்றி வீட்டில் இருந்தால் போதும். 6502-க்கு நிரல் எழுத உதவும் சிசி65 என்னும் மென்பொருளும், எழுதியதைப் பெட்டி இல்லாமலே ஓட்டிப் பார்க்கும் எமுலேட்டர்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. இண்டூர் வட்டாரத்து அரசுப் பள்ளிகளின் கணினி ஆசிரியர்கள், ஆய்வகத்தில் ஒரு மேசையை ஒதுக்கி, ஒரு பழைய பெட்டியை அதில் வைத்து, அதற்கு ஆட்டம் எழுதும்படி பதினோராம் வகுப்பு மாணவர்களைத் தூண்டவேண்டும். செட்டிக்கரையில் 2013-ல் தொடங்கிய அரசுப் பொறியியல் கல்லூரியின் மாணவர்கள் விடுமுறை நாட்களில் வந்து அவர்களுக்குத் துணைசெய்யவேண்டும். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை அந்தப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கோபிக்காதீர்கள். என்ன செய்கிறாய் என்று அருகில் உட்கார்ந்து கேளுங்கள்.