எடை கூடும் வேகம்: புனேயின் இரு கார்கள் சொல்வது என்ன?

புனேயைப் பொறியியல் மையமாகக் கொண்ட டாடா மோட்டார்ஸ், 2017 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் ‘ரேஸ்மோ’ என்ற இரு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரைக் காட்சிப்படுத்தியது. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் என்ஜின், 190 குதிரைத்திறன். பெரிய என்ஜின் இல்லாமல், எடைக் குறைப்பை நம்பியே மணிக்கு 100 கி.மீ. வேகத்தை 6 விநாடிக்குள் எட்டும் என அறிவிக்கப்பட்டது. ஆனால், கார் விற்பனைக்கு வரும் முன்பே திட்டம் கைவிடப்பட்டது.

2025 ஜூனில் அந்நிறுவனம் அறிமுகப்படுத்திய ‘ஹாரியர் இவி’, 2 டன்னுக்கும் அதிக எடை கொண்ட குடும்ப எஸ்யுவி. 75 கிலோவாட் மணி பேட்டரி கொண்ட அதன் இரட்டை மோட்டார் ரகம், 6.3 விநாடிகளில் அதே வேகத்தைத் தொடும் என நிறுவனம் கூறுகிறது. மின்மோட்டாரின் உடனடி இழுவிசை எடையை மறைக்கிறது; நீக்குவதில்லை. வளைவிலும் பிரேக்கிலும் டயர் தேய்மானத்திலும் அது வெளிப்படும்.

எடையைக் குறைக்க விதிகளும் பெரிதாகத் தூண்டுவதில்லை. ‘கஃபே’ எரிபொருள் திறன் விதிமுறையில், ஒரு நிறுவனத்தின் கார்களின் சராசரி எடை கூடினால் உமிழ்வு இலக்கும் தளர்கிறது. மின்சார கார் எவ்வளவு கனமானாலும் அதன் உமிழ்வு பூஜ்யம் என்றே கணக்கிடப்படுகிறது.

வரி விஷயத்தில் நிலைமை சற்று மாறியுள்ளது. 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்கு மிகாத, 1,200 சிசி வரையிலான பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். பெரிய கார்களுக்கு 40 சதவீதம். 3.8 மீட்டர் நீள ரேஸ்மோ இன்று வந்திருந்தால் 18 சதவீதப் பிரிவில் இடம்பெற்றிருக்கும். எனினும், ஹாரியர் இவி-க்கு 5 சதவீதம்தான்.