தேனித் தமிழ் என்று ஒன்று கிடையாது

தேனி மாவட்டத்துக்காரர் யாராவது ஒரு நாவல் எழுதிவிட்டால் போதும், மதிப்புரை எழுதுகிறவர்கள் மூக்கோடு வந்துவிடுகிறார்கள். மோப்பம் பிடிக்கத்தான்! "மண்வாசனை கமழ்கிறது" என்று ஒரு வரி. "வட்டார வழக்கு துள்ளி விளையாடுகிறது" என்று அடுத்த வரி. கதையில் யார் யாரை ஏமாற்றினார்கள், யாருக்குக் கூலி கிடைக்கவில்லை, ஏன் அந்தப் பெண் பாதியில் ஊரைவிட்டுப் போனாள் என்றெல்லாம் பேச்சே இருக்காது. வாசனை பிடித்தாயிற்று, வேலை முடிந்தது.

மதுரைக்காரருக்கும் நாகர்கோவில்காரருக்கும் இதே கதிதான். ஆனால் தேனிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. காரணம் சினிமா. "வந்தாய்ங்க", "போனாய்ங்க", "அங்கிட்டு", "இங்கிட்டு", நடுநடுவே ஒரு "ஏலேய்"... இந்த ஐந்தாறு சொல்லைத் தூவினால் படம் தேனியில் நடக்கிறது என்று சென்னைத் தியேட்டரில் நம்பிவிடுவார்கள். கறிவேப்பிலை மாதிரி. தாளிக்கும்போது வேண்டும், சாப்பிடும்போது ஒதுக்கிவிடலாம். இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தச் சொற்கள் பொய்யல்ல. ஆண்டிபட்டியில் பஸ் ஏறி தேனியில் இறங்குவதற்குள் ஐம்பது தடவை காதில் விழும். பொய் எதுவென்றால், இவ்வளவுதான் அந்த மாவட்டத்தின் பேச்சு என்று சொல்வது.

முதலில் எழுத்தாளர்களையே எடுத்துக்கொள்ளலாம். போடி மீனாட்சிபுரத்தில் பிறந்தவர் நா. காமராசன். 1971ல் அவருடைய 'கறுப்பு மலர்கள்' வந்தது. பெரியகுளத்துக்காரர் மு. மேத்தா. 1974ல் 'கண்ணீர்ப் பூக்கள்'. வடுகபட்டியில் வளர்ந்த வைரமுத்துவின் முதல் தொகுப்பு 'வைகறை மேகங்கள்' 1972. புதுக்கவிதை கல்லூரி விடுதிகளுக்குள் புகுந்த அந்த நாலைந்து வருடத்துக்குள் இந்த ஒரே பகுதியிலிருந்து மூன்று பேர். மலர், கண்ணீர், மேகம் என்று தலைப்புகளைப் பார்த்தாலே தெரியும், மேடையில் நின்று மைக் முன்னால் சொல்வதற்கான தமிழ் அது. 'அங்கிட்டு' எங்கேயும் தலைகாட்டாது. அதைத் தேனித் தமிழ் என்று யாராவது சொன்னார்களா? சொல்ல மாட்டார்கள். அது 'கவிதைத் தமிழ்' ஆகிவிட்டது. ஊர்க்காரன் நன்றாக உடுத்திக்கொண்டு வந்தால் அவன் ஊர்க்காரன் இல்லை. அழுக்கு வேட்டியோடு வந்தால்தான் ஊர்க்காரன்!

அதே வைரமுத்துதான் பின்னால் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' எழுதினார். வைகை அணைக்காக ஊரைவிட்டுப் பெயர்க்கப்பட்டவர்களின் கதை. அணை திறக்கப்பட்டது 1959ல், நாவல் விகடனில் தொடராக வந்து புத்தகமானது 2001ல். 2003ல் சாகித்ய அகாதெமி விருதும் கிடைத்தது. அந்த நாவலில் பேயத்தேவரும் மற்றவர்களும் பேசுவது ஊர்ப்பேச்சு. நடுவில் என்ன நடந்தது? எழுதியவருக்குத் திடீரென்று மண் மூக்கில் ஏறியதா? இல்லை. ஒரு கதைக்கு ஒரு மொழி, இன்னொன்றுக்கு இன்னொன்று என்று எழுதுகிறவர் உட்கார்ந்து முடிவு செய்தார். வட்டார வழக்கு என்பது தேர்வு. வியர்வை மாதிரித் தானாகச் சுரப்பது கிடையாது. இதை ஒப்புக்கொள்ள மதிப்புரைக்காரர்களுக்கு ஏனோ மனசு வரமாட்டேன் என்கிறது. கிராமத்தான் யோசித்து எழுதுவான் என்றால் என்னவோ மாதிரி இருக்கும் போல.

மண்வாசனைக்குத் தமிழில் ஒரு ஆரம்பப் புள்ளி வைக்கச் சொன்னால் எல்லோரும் 1977க்குப் போவார்கள். 'பதினாறு வயதினிலே'. இயக்கியவர் அல்லிநகரம் பாரதிராஜா, இசை பண்ணைப்புரம் இளையராஜா. ஸ்டூடியோ கிராமத்தை உடைத்து வெளியே வந்த படம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் படத்தின் பெரும்பகுதியை எடுத்தது எங்கே தெரியுமா? கர்நாடகத்தில், கொள்ளேகால் பக்கம். தமிழ்நாடே மோந்து பார்த்து மயங்கிய மண் கன்னட மண்! இது படத்துக்குக் குறை இல்லை, பெருமை. பாரதிராஜா கையில் இருந்தது மண் இல்லை, மனிதர்கள் எப்படி நடப்பார்கள், எப்படி முறைப்பார்கள், எந்த இடத்தில் பேசாமல் இருப்பார்கள் என்கிற ஞாபகம். அதை எந்த ஊர் மண்ணிலும் நட்டிருப்பார்.

மண் என்றவுடன் இன்னொன்று. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த இடத்தில் விளைந்தால்தான் இந்தப் பேர் என்று அரசாங்க முத்திரை. நல்ல விஷயம், விவசாயிக்கு நாலு காசு கூடக் கிடைத்தால் சரி. ஆனால் அந்தத் திராட்சை ரகத்தின் பேர் மஸ்கட் ஹாம்பர்க். பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832ல் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது என்று சொல்கிறார்கள். சீமையிலிருந்து வந்த கொடி! அது மட்டுமா, அந்தப் பள்ளத்தாக்கு இன்றைக்குப் பச்சையாக இருப்பதே 1895ல் பென்னிகுக் கட்டி முடித்த அணை, மேற்கே போய்க்கொண்டிருந்த தண்ணீரைக் குகை வழியாகக் கிழக்கே திருப்பியதால்தான். அதே மாவட்டத்தில் ஆண்டிபட்டிப் பக்கம் போனால் கள்ளியும் முள்ளும். எந்த மண்ணின் வாசனையைக் கேட்கிறார்கள் என்று முதலில் சொல்லட்டும். மதிப்புரைக்காரர்கள் கதைக்கும் ஒரு புவிசார் குறியீடு கேட்கிறார்கள், அவ்வளவுதான். திராட்சைக்காவது ருசி பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள்.

சரி, பேச்சுக்கு வருவோம். தேனியிலிருந்து கம்பம் சுமார் 40 கிலோமீட்டர். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று போகிற அந்த ஒரே ரோட்டில் எத்தனை மொழி என்று எண்ணிப் பார்த்தால் கை விரல் மடக்க வேண்டியிருக்கும். கம்பத்தில் காப்பிலியர் வீடுகளிலும் ஒக்கலிகர் வீடுகளிலும் தலைமுறை தலைமுறையாகக் கன்னடம். நாயக்கர் வீடுகளில் தெலுங்கு. உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் ராவுத்தர் வீடுகளில் தமிழ்தான், ஆனால் அப்பா அங்கே 'அத்தா'. வருசநாட்டு மலைப்பக்கம் பளியர்கள். கூடலூரைத் தாண்டிக் குமுளி ஏறினால் மலையாளம். விடியற்காலையில் ஏலத்தோட்டத்து வேலைக்கு ஜீப்பில் அடைந்துகொண்டு கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறுகிற பெண்கள், வீட்டில் ஒன்று, வண்டிக்குள் ஒன்று, தோட்டத்தில் ஒன்று என்று மூன்று பாஷையைச் சாயந்திரத்துக்குள் மாற்றிப் பேசிவிட்டு இறங்குவார்கள். மொழியியல் படித்தவர்கள் பட்டம் வாங்க எழுதுவதை இவர்கள் கூலிக்குச் செய்கிறார்கள்.

இவ்வளவையும் கொண்டுபோய் 'தேனித் தமிழ்' என்ற ஒரே சட்டியில் போட்டு வதக்கினால் முதலில் காணாமல் போவது யார்? அந்தப் பாட்டிகள்தான்.

கம்பத்தில் வீட்டில் கன்னடம் பேசுகிற ஒரு கல்லூரி மாணவி கதை எழுத உட்காருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டியைப் பற்றிய கதை. பாட்டி பேசியது கன்னடம், அதுவும் பெங்களூர்க்காரருக்கே பாதி புரியாத பழைய கன்னடம். பள்ளிக்கூடத்தில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது கட்டுரைத் தமிழ். பத்திரிகையில் எதிர்பார்ப்பது வட்டார வழக்கு. அவள் என்ன செய்வாள்? பாட்டியைச் சினிமாக் கிழவி மாதிரி "அடியேய்" போட்டுப் பேச வைப்பாள். கதை அச்சாகும். 'மண்வாசனை' என்று பாராட்டும் வரும். பாட்டி வாழ்நாள் முழுக்கப் பேசாத ஒரு பாஷையில், பேத்தி கையாலேயே, நிரந்தரமாகப் பேசிக்கொண்டிருப்பாள். தங்கள் பாராட்டு இந்த வேலையையும் செய்கிறது என்று எந்த மதிப்புரைக்காரருக்கும் தோன்றுவதில்லை.

இன்னொரு தந்திரம் இருக்கிறது, அது இன்னும் மோசம். உரையாடல் மட்டும் கொச்சை, கதை சொல்வது மட்டும் சுத்தத் தமிழ். "சூரியன் மேற்கே சரிந்துகொண்டிருந்தான். 'எங்கிட்டுடா போன?' என்றாள்." மேலே ஒருத்தர் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்குகிறார், கீழே இருக்கிறவர்கள் ஏதோ பேசிக்கொள்கிறார்கள். அதற்கு அடிக்குறிப்பு வேறு: வெஞ்சனம் - தொட்டுக்கொள்ளும் கறி. யாருக்காக அந்தக் குறிப்பு? வெஞ்சனம் வைத்துச் சாப்பிடுகிறவனுக்கு இல்லை. 'மடிக்கணினி'க்கு யாராவது அடிக்குறிப்பு போட்டதுண்டா? புரியாவிட்டால் நீ கற்றுக்கொள் என்பது ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் சட்டம்.

டிரினிடாட் எழுத்தாளர் சாமுவேல் செல்வனுக்கும் இதே சிக்கல் வந்தது. லண்டனுக்குப் பிழைக்க வந்த தன் ஊர்க்காரர்களைப் பற்றி நாவல் எழுத ஆரம்பித்தார். நல்ல ஆங்கிலத்தில் கதை சொல்லிப் பார்த்தார், நகரவில்லை. கடைசியில் உரையாடல் மட்டுமல்ல, கதை சொல்கிற குரலையே அவர்கள் பேச்சுக்கு மாற்றினார். 1956ல் வந்த 'தி லோன்லி லண்டனர்ஸ்' அப்படி உருவானதுதான். இஸ்திரிச் சட்டைக்காரரை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டார்.

தமிழில் இதைச் செய்து காட்டியவர் கி. ராஜநாராயணன். உடனே சொல்வார்கள்: "அவரே வட்டார வழக்குச் சொல்லகராதி போட்டாரே?" போட்டார், 1982ல். பெருமாள்முருகன் கொங்குக்குப் போட்டார். இரண்டும் அருமையான காரியம். சொல் அழிந்துகொண்டிருக்கும்போது யாராவது எழுதி வைத்தாக வேண்டும், அதைப் பழிப்பவர்கள் முட்டாள்கள். ஆனால் அகராதி வேறு, கதை வேறு. கி.ரா. அகராதிக்காகக் கதை எழுதவில்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்களில் பலர் எழுதுவதுதான் அகராதிக்கு எடுத்துக்காட்டு வாக்கியம் மாதிரி இருக்கிறது. இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். கரிசல் தமிழுக்கே முகமாகிப்போன கி.ரா.வின் வீட்டு மொழி தெலுங்கு! 1976ல் வந்த 'கோபல்ல கிராமம்' தெலுங்கு தேசத்திலிருந்து நடந்து வந்தவர்களின் கதை. ஒற்றை மண், ஒற்றை வாசனை என்ற கணக்கு ஆதியிலேயே உதைக்கிறது.

தேனியிலேயே இந்த வாசனை வியாபாரத்தில் சேராமல் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அல்லிநகரத்து ம. காமுத்துரை வாடகைப் பாத்திரக் கடை நடத்திக்கொண்டே எழுதியவர். 'மில்' நாவலில் நூற்பாலை, 'குதிப்பி'யில் கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போகிறவர்கள். அடுப்படியில் நிற்கிறவனுக்குத் தன் வேலைக்கான சொல் வேண்டும், அந்தச் சொல் வருகிறது, வேலை நடக்கிறது. வாசனைக்காக ஒரு சொல்லும் வருவதில்லை. தேனி சீருடையானின் 'நிறங்களின் உலகம்' பார்வை போன பையனின் கதை, அவர் சொந்த வாழ்க்கையிலிருந்து எழுந்தது. கண் தெரியாதவனுக்கு உலகம் எப்படிக் கேட்கும், கைக்கு எப்படித் தட்டுப்படும் என்பதுதான் அதில் மொழிப் பிரச்சினையே. போடிக்காரர் எஸ். செந்தில்குமார் 'காலகண்டம்' நாவலில் பொற்கொல்லர்களை எழுதினார், 'கழுதைப்பாதை'யில் மலைக்குப் பொதி சுமந்தவர்களை. இவர்களைப் பற்றி மதிப்புரை எழுதும்போதும் அதே வார்த்தைதான்: மண்வாசனை! தங்கப் பட்டறையில் மண்ணுக்கு என்ன வேலை?

எழுதுவதைப் பற்றி ஒரு மூடநம்பிக்கையும் இதோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. மேகமலையைப் பார்த்தால், சுருளி அருவியில் நனைந்தால் கதை ஊறும் என்று. அப்படியென்றால் மேகமலை வனக்காவலர்கள் எல்லோரும் இந்நேரம் ஞானபீடம் வாங்கியிருக்க வேண்டும். கடைக்கு ஆள் வராத அரைமணி நேரத்தில் பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதி, அடித்து, மறுபடி எழுதுவதுதான் அந்த ஊரில் பலருக்குப் படைப்பு முறை.

அந்தக் கம்பத்து மாணவியிடம் திரும்பலாம். அவளுக்கு இப்போது ஒரு வரிதான் சிக்கல். பாட்டி வாசலில் நின்று கூப்பிடுகிறாள். தமிழில் 'வா', பாட்டி கன்னடத்தில் 'பா'. அதை 'வா' என்று எழுதினால் பாட்டி இல்லை. 'பா' என்று எழுதினால் தமிழ் எழுத்தில் அந்த அழுத்தமான ஒலிக்குத் தனி எழுத்து கிடையாது. படிக்கிறவர் 'என்னப்பா'வில் வருகிற 'பா' என்று நினைத்துக்கொள்வார். அடிக்குறிப்பு போட்டால் பாட்டி கண்காட்சிப் பொருள். "பாட்டி கன்னடத்தில் கூப்பிட்டாள்" என்று விளக்கினால் குரல் போய்விடுகிறது. ஒரு எழுத்துக்காக ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருக்கிறாள். கடைசியில் 'பா' என்றே எழுதி, அடுத்த வரியில் பேத்தி எழுந்து வாசலுக்கு ஓடுவதாக எழுதுகிறாள்.